ரெப்போ குறைந்தது, குடியாத்தத்தில் டியூ குறையவில்லை: யாரைக் கேட்பது?

2025 தொடக்கத்தில் 6.50 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டியை ரிசர்வ் வங்கி அந்த ஆண்டில் நான்கு முறை குறைத்து டிசம்பரில் 5.25க்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு முறையும் டிவியில் 'கடன் வாங்கியவர்களுக்கு இனிப்பான செய்தி' என்று கீழே ஓடியது. வேலூர் மாவட்டத்தின் குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் குழுக்கடன் வாங்கி வைத்திருக்கும் பெண்களுக்கு அந்த இனிப்பு வந்து சேரவில்லை. லோன் கார்டில் எழுதியிருக்கும் டியூ ஒரு ரூபாய்கூட இறங்காமல் அப்படியே நிற்கிறது.

ஏன் என்று கேட்டால் தெருவில் இரண்டே தீர்ப்புதான். 'கவர்ன்மென்ட் சரியில்லை' என்பது ஒன்று, 'ஃபைனான்ஸ்காரன் அடிக்கிற கொள்ளை' என்பது இன்னொன்று. அரசியல் மேடைகளிலும் இதே இரண்டுதான், கொஞ்சம் பெரிய சொற்களில். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எந்த முடிவை யார் எடுத்தார்கள் என்று பிரிக்காமல் மொத்தமாகத் திட்டினால், அந்தத் திட்டு யார் மேலும் ஒட்டாது. அதனால் ஒரே ஒரு கடனை எடுத்துக்கொண்டு, அது வந்த வழியில் பின்னோக்கி நடந்து பார்க்கலாம்.

முதலில் சொற்கள்

1. ரெப்போ: வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலத்துக்குப் பணம் வாங்கும்போது கொடுக்கும் வட்டி. இதை முடிவு செய்யும் குழுவில் ஆறு பேர். மூன்று பேர் ரிசர்வ் வங்கிக்காரர்கள், மூன்று பேர் மத்திய அரசு நியமிப்பவர்கள். விலைவாசி உயர்வை 4 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும் என்ற இலக்கைக் கொடுப்பதும் மத்திய அரசுதான். ஆகவே 'அது ரிசர்வ் வங்கி முடிவு, எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று டெல்லி முழுக்கக் கைகழுவ முடியாது.

2. என்பிஎஃப்சி: வங்கி இல்லாத நிதி நிறுவனம். ரிசர்வ் வங்கியில் பதிவு செய்துகொண்டு கடன் கொடுப்பவை. முக்கியமாகச் சிறுகடன் கொடுக்கும் மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகள் இதில் ஒரு வகை. பெரும்பாலும் இவர்கள் கையில் இருப்பது வங்கிகளிடம் வாங்கிய பணம்.

3. குழு: பெரிய குழப்பம் இந்தச் சொல்லில்தான். நம் பக்கம் இரண்டுக்கும் 'குழு' என்றே பெயர். ஒன்று மகளிர் சுயஉதவிக் குழு: மாதாமாதம் சேமித்து, தீர்மானப் புத்தகம் எழுதி, வங்கியிலோ கூட்டுறவிலோ கடன் வாங்குவது. மத்திய அரசின் கிராமப்புற வாழ்வாதாரத் திட்டத்தின்கீழ் வரும் குழுவுக்கு 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி. இன்னொன்று தனியார் கம்பெனி சேர்க்கும் குழு: சேமிப்பு கிடையாது, ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்றால் போதும். 2021இல் தமிழக அரசு தள்ளுபடி செய்தது கூட்டுறவில் இருந்த முதல் வகைக் கடனை. 'குழுக்கடன் தள்ளுபடி' என்று காதில் விழுந்ததும் இரண்டாம் வகைக்காரர்களும் அது தங்களுக்குத்தான் என்று எடுத்துக்கொண்டால், அதில் அவர்கள் குற்றம் என்ன இருக்கிறது?

4. ரைட் ஆஃப்: வராத கடனை வங்கி தன் கணக்குப் புத்தகத்திலிருந்து இறக்கி வைப்பது. கடன் வாங்கியவர் கட்டவேண்டிய பாக்கி அப்படியேதான் இருக்கும். 2024 மார்ச் வரையிலான பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் இப்படி இறக்கி வைத்தது சுமார் 16.35 லட்சம் கோடி என்று மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. 'பணக்காரனுக்குத் தள்ளுபடி' என்று இதைச் சொல்வது சட்டப்படி சரியில்லை. ஆனால் இறக்கி வைத்ததில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்தால், மக்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பதும் புரியாமல் இல்லை.

ஐம்பதாயிரம் வந்த வழி

குடியாத்தத்தில் பீடி சுற்றும் ஒரு பெண் 50,000 ரூபாய் குழுக்கடன் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 24 சதவீதம், இரண்டு வருடம். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் கணக்கு. மாத டியூ சுமார் 2,644 ரூபாய். இரண்டு வருடத்தில் கட்டுவது 63,450 சொச்சம், அதில் வட்டி 13,450. (நம் பேச்சில் 24 சதவீதம் என்பது 'ரெண்டு வட்டி', அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். ஏஜென்ட் யாராவது 'பதிமூணரை பர்சென்ட் ஃபிளாட்டுதான்கா' என்று, அதாவது அசல் குறைந்தாலும் முதல் நாள் தொகைக்கே வட்டி போடும் கணக்கில், சொன்னால் அதுவும் இதே கடன்தான், ஏமாறவேண்டாம்.)

அந்த 24 எங்கிருந்து வருகிறது? ஒரு உதாரணக் கணக்காக இப்படிப் பிரிக்கலாம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

1. வங்கியிடம் வாங்கிய பணத்துக்குக் கம்பெனி கொடுக்கும் வட்டி: 11
2. கிளை வாடகை, வசூல் பையன்களின் சம்பளம், பெட்ரோல்: 6
3. திரும்பி வராத கடனுக்கு ஒதுக்குவது: 3
4. மிச்சம், கம்பெனியின் லாபமும் வரியும்: 4

முதல் வரியைப் பாருங்கள். ரெப்போ தொடுவது அதை மட்டும்தான், அதுவும் நேராக இல்லை. வங்கி கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி நம்மைப் போன்றவர்கள் போட்டு வைத்த டெபாசிட். அதற்கு வங்கி தரும் வட்டி மெதுவாகத்தான் இறங்கும். அப்புறம் இந்தப் பெண்ணின் கடன் கையெழுத்தான அன்றே வட்டி நிலையாகிவிட்டது.

சரி, ரிசர்வ் வங்கி குறைத்த 1.25 முழுவதையும் கம்பெனி பெரிய மனசு பண்ணி அப்படியே இறக்கிக் கொடுத்தால் டியூ எவ்வளவு குறையும்? மாதம் 31 ரூபாய். அதற்குப் பதிலாகக் கம்பெனி தன் 4 சதவீதத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டால்? சுமார் நூறு ரூபாய். 7 சதவீதத்தில் சுயஉதவிக் குழுக் கடனாகவே கிடைத்திருந்தால் 405 ரூபாய் மிச்சம், அது கவனிக்கவேண்டிய தொகைதான். வட்டியே இல்லாமல் கொடுத்தாலும் மாதம் 2,083 ரூபாய் கட்டித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் அசல் அவ்வளவு.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, 'வட்டிதான் கழுத்தை நெரிக்கிறது' என்ற பேச்சை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. நெரிப்பது எண்ணிக்கை.

நான்காவது கடன் எப்படிக் கிடைத்தது?

ஒரு கடன் 2,644. நான்கு கம்பெனியில் நான்கு என்றால் 10,576. செவ்வாய்க்கிழமை ஒரு சென்டர் (குழு கூடி டியூ கட்டும் இடம்), வியாழக்கிழமை இன்னொரு சென்டர், மாசம் பிறந்தால் மற்ற இரண்டு. ஒன்றில் வாங்கி இன்னொன்றுக்குக் கட்டுவது. இதைத் தடுக்க விதி இல்லாமல் இல்லை. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுப்பதுதான் மைக்ரோ ஃபைனான்ஸ் கடன். அந்தக் குடும்பம் கட்டும் எல்லா டியூவும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

காகிதத்தில் நல்ல விதி. இப்போது அந்தப் பெண்ணின் வீட்டு வருமானம் மாதம் 18,000 என்று வைப்போம். பாதி 9,000. மூன்று கடன் வரை தாங்கும், 7,932தான் ஆகிறது. நான்காவது தாங்காது. ஆனால் வருமானம் எழுதும் கட்டத்தில் 22,000 என்று எழுதிவிட்டால் பாதி 11,000 ஆகிவிடும், நான்காவது கடனும் உள்ளே வந்துவிடும். வருடத்துக்கு 2.64 லட்சம்தான் என்பதால் 3 லட்ச வேலியும் இடிக்காது. பீடி சுற்றுபவருக்கும் கட்டட வேலைக்குப் போகும் அவர் வீட்டுக்காரருக்கும் சம்பளச் சீட்டு ஏது? அந்தக் கட்டத்தில் எழுதுவது இரண்டு பேர் சம்மதம். அவருக்குப் பணம் அவசரம், எதிரில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருக்கும் பையனுக்கு டார்கெட் அவசரம்.

விதி போட்டது ரிசர்வ் வங்கி, டார்கெட் போட்டது கம்பெனி. பொறுப்பு இங்கே துல்லியமாக இரண்டாகப் பிரிகிறது. பாக்கிகள் ஏறிய பிறகுதான் இந்தக் கம்பெனிகளின் சங்கமே முன்வந்து, ஒருவருக்கு மூன்று நிறுவனத்துக்கு மேல் கூடாது, மொத்தம் 2 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று 2024-25இல் கோடு போட்டது. முன்னால் கோடு இல்லாமல் ஓடினோம் என்பதற்கு அதைவிட வேறு ஒப்புதல் வேண்டுமா?

வேலியை அவிழ்த்தது யார்

கொஞ்சம் பழைய கதைக்குப் போகவேண்டும். 2010இல் ஆந்திராவில் மைக்ரோ ஃபைனான்ஸ் வசூல் கெடுபிடியால் தற்கொலைகள் நடந்ததாகச் செய்திகள் வந்து, அந்த மாநில அரசு அக்டோபரில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வசூல் அப்படியே நின்றுபோனது. பிறகு ரிசர்வ் வங்கி மாலேகாம் குழுவை அமைத்து, 2011இல் மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு 26 சதவீத வட்டி உச்சவரம்பும், வாங்கும் வட்டிக்கும் கொடுக்கும் வட்டிக்கும் நடுவில் இவ்வளவுதான் வைக்கலாம் என்ற வரம்பும் கொண்டுவந்தது. பின்னால் கணக்கு முறை மாறினாலும் வரம்பு என்று ஒன்று இருந்தது.

2022இல் அது போனது. வங்கிகளுக்கு வரம்பில்லை, கம்பெனிகளுக்கு மட்டும் ஏன், போட்டி வந்தால் வட்டி தானாகக் குறையும் என்பது வாதம். வட்டியை இனி கம்பெனியின் போர்டே முடிவு செய்யலாம், 'அநியாய வட்டி' மட்டும் கூடாது என்றது புதிய விதி. எது அநியாயம் என்பதற்கு எண் எதுவும் கொடுக்கவில்லை.

அதே ஆண்டு மே 10 அன்று உச்ச நீதிமன்றம் கேரள, குஜராத் மாநிலச் சட்டங்கள் தொடர்பான வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது: ரிசர்வ் வங்கியில் பதிவான என்பிஎஃப்சிகள் மேல் மாநிலங்களின் கடன் கொடுப்போர் சட்டங்கள் செல்லாது. அதாவது வட்டி விஷயத்தில் சென்னைக் கோட்டைக்கு இவர்கள் மேல் பிடி இல்லை. நாற்பது நாளுக்குள் வரம்பும் போனது, மாநிலத்தின் கையும் கட்டப்பட்டது. இரண்டும் தனித்தனி விஷயங்கள்தான், திட்டமிட்டு நடந்ததாக நான் சொல்லவில்லை. விளைவு என்னவோ சேர்ந்தே வந்தது.

2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி கொஞ்சம் விழித்துக்கொண்டு, வங்கிகள் என்பிஎஃப்சிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கு அதிக மூலதனம் ஒதுக்கவேண்டும் என்றது. 2024 அக்டோபரில் அளவுமீறிய வட்டி உள்ளிட்ட காரணங்களுக்காக நான்கு நிறுவனங்களைப் புதுக்கடன் கொடுக்கக் கூடாது என்று நிறுத்தி வைத்தது. 2025 பிப்ரவரியில் அந்த மூலதன விதியைத் தளர்த்தியது. பிடிப்பதும் விடுவதுமாக.

இதில் ஒரு சங்கடமான விஷயமும் உண்டு. பிடியை இறுக்கினால் கடன் சட்டென்று நின்றுவிடுகிறது. ஐந்தாவது கடனை நம்பி நான்காவதைக் கட்டிக்கொண்டிருந்தவர் அன்றே பாக்கிக்காரர் ஆகிறார், அப்புறம் நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வாங்கும் 'பத்து வட்டி'க்காரரின் வாசலுக்குப் போகிறார். 2010இல் ஆந்திராவிலும் பலருக்கு நேர்ந்தது இதுதான். 'எல்லா மைக்ரோ ஃபைனான்ஸையும் இழுத்து மூடு' என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லவேண்டும்.

வருமானப் பக்கம் வேறு குற்றவாளிகள்

கடன் பாதிக் கதைதான். டியூ அதே 2,644 என்றாலும் வருமானம் சுருங்கினால் அது பெரிதாகிவிடும். இந்தப் பக்கம் பட்டியல் கலவையானது.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 நோட்டுகள் செல்லாது என்றது மத்திய அரசு. புழக்கத்திலிருந்த பணத்தில் மதிப்பளவில் 86 சதவீதம். வாரச் சம்பளம் ரொக்கமாகக் கைமாறும் ஊர்களில் அது என்ன செய்தது என்று விளக்கவேண்டியதில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பீடிக்கு 28 சதவீதம் போட்டார்கள். பீடி உடம்புக்குக் கேடு, வரி போட்டால் என்ன என்ற வாதத்தை மறுக்க முடியாது, ஆனால் வரியின் ஒரு பங்கு முறத்தை மடியில் வைத்து இலை வெட்டுகிறவரின் வேலை நாட்களில்தான் கழிந்தது. இரண்டிலும் எந்த நிதி நிறுவனத்துக்கும் பங்கில்லை. 2020 ஊரடங்கில் ஆறு மாதம் டியூ கட்டவேண்டாம் என்று சலுகை கொடுத்தார்கள். வட்டி மட்டும் அந்த ஆறு மாதமும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஆம்பூர். பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன். காலையில் கிராமம் கிராமமாகக் கம்பெனி பஸ் வந்து பெண்களை ஷூ தைக்க ஏற்றிக்கொண்டு போகிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் பெரும்பாலான இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. ஆர்டர் ஆடினால் முதலில் போவது ஓவர்டைம். பலர் டியூ கட்டுவது அந்த ஓவர்டைம் காசில்தான். இங்கே முடிவெடுத்தவர் வாஷிங்டனில் இருக்கிறார். டெல்லியையும் கேட்கலாம், ஏன் அப்போதே பேசித் தீர்க்கவில்லை என்று. கம்பெனியின் வசூல் பையனைக் கேட்டு என்ன ஆகப்போகிறது?

ஆற்காட்டுக்கு இது பழைய வழக்கு

அரசா, பணக்காரக் கூட்டமா என்ற கேள்வி நம் மண்ணுக்குப் புதிதே இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் ஏராளமாகக் கடன் வாங்கினார். பால் பென்ஃபீல்ட் அதில் பெரிய தலை. கடனுக்கு ஈடாக நவாப் எழுதிக் கொடுத்தது ஊர்களின் நிலவரி வருவாயை. கடன் வாங்கியது நவாப், கொடுத்தது வெள்ளைக்காரர்கள், கட்டியது உழுதவர்கள். கடன் கொடுத்தவர்களின் ஆட்கள் லண்டன் நாடாளுமன்றத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் என்ற உறுப்பினர் அங்கே நீண்ட உரை ஒன்றில், விசாரணையே இல்லாமல் இந்தக் கடன்களை அங்கீகரிப்பது அரசும் கடன் கொடுத்தவர்களும் போட்ட கூட்டு என்று கிழித்தார். பிற்பாடு விசாரித்தபோது நவாப் பெயரில் வந்த உரிமைக்கோரல்களில் பெரும்பகுதி தள்ளப்பட்டது. அதற்குள் 1801இல் நாடே கம்பெனி கைக்குப் போயிருந்தது.

2008 நிதி நெருக்கடியின்போது அமெரிக்காவிலும் இதே வழக்குதான், கொஞ்சம் நாகரிகமாக. லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி கவிழ்ந்த பிறகு அமைத்த விசாரணை ஆணையம் 2011இல் அறிக்கை கொடுத்தபோது பத்துப் பேரும் ஒத்துப்போகவில்லை. பெரும்பான்மை ஆறு பேர், மேற்பார்வை தூங்கியதையும் வால் ஸ்ட்ரீட்டின், அதாவது அங்குள்ள பெரிய நிதி நிறுவனங்களின், துணிச்சலையும் சேர்த்தே குற்றம் சொன்னார்கள். ஒருவர் தனியாக, அரசின் வீட்டுக்கடன் கொள்கைதான் மூலகாரணம் என்று எழுதினார். அத்தனை ஆவணம் கையில் வைத்திருந்தவர்களுக்கே ஒரு முடிவுக்கு வரமுடியவில்லை.

பழி கடைசியில் எங்கே விழுகிறது

எனக்கு இந்த முழு ஏற்பாட்டிலும் உறுத்துவது ஒன்றுதான். சென்டர் மீட்டிங் நடக்கும் திண்ணையில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்பது பேர் பணம் எண்ணிக் கொடுத்தாயிற்று, ஒருவர் வரவில்லை. 'மொத்தமும் வந்தாத்தான் கையெழுத்து போடுவேன்' என்று டேப்லெட் பையன் சுவரில் சாய்ந்துகொள்கிறான். அவனும் போளூர் பக்கத்திலிருந்தோ செங்கத்திலிருந்தோ வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் இருபத்து மூன்று வயசுப் பிள்ளை. மணி பதினொன்று ஆகிறது, பீடி வேலை அப்படியே கிடக்கிறது. அப்போது அந்தப் பெண்கள் திட்டுவது ரிசர்வ் வங்கியையும் இல்லை, கம்பெனி முதலாளியையும் இல்லை. 'அவளாலதானே எல்லாம்' என்று வராத பெண்ணைத்தான். இரண்டு பேர் எழுந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறார்கள்.

கூட்டு ஜாமீன் முறையின் சாமர்த்தியம் இது. வசூல் செலவையும் பழியையும் சேர்த்தே தெருவுக்கு இறக்கிவிடுகிறது. அரசா நிதி நிறுவனமா என்ற சண்டை அங்கே எழுவதே இல்லை.

எதை யாரிடம் கேட்பது

1. கம்பெனியிடம்: வசூல் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூடாது. பேசி முடிவு செய்த பொது இடத்தில்தான் வசூலிக்கவேண்டும். அங்கே தொடர்ந்து இரண்டு முறையாவது வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் கிடையாது. தாமதத்துக்கு அபராதம் போட்டால் அது பாக்கித் தொகைக்கு மட்டும்தான், முழுக் கடனுக்கும் அல்ல. எல்லாம் 2022 விதியிலேயே இருக்கிறது.

2. ரிசர்வ் வங்கியிடம்: கம்பெனி ஒரு மாதத்தில் பதில் சொல்லாவிட்டால் புகார் விசாரிக்கும் அதிகாரியான ஓம்புட்ஸ்மேனுக்குப் போகலாம். உதவி எண் 14448. 'அநியாய வட்டி' என்றால் எத்தனை என்று ஒரு எண் கேட்கவேண்டியதும் இவர்களிடம்தான்.

3. மாநில அரசிடம்: பதிவில்லாத 'பத்து வட்டி'க்காரர் மேல் 2003ஆம் ஆண்டின் அதிக வட்டி தடைச் சட்டம் இருக்கிறது. மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025இல் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. வட்டியைத் தொட முடியாவிட்டாலும், 7 சதவீதக் கடன் கிடைக்கும் சுயஉதவிக் குழுவில் ஒருவர் ஏன் சேர முடியவில்லை, சேர்ந்தும் வங்கி மேனேஜர் ஏன் இழுத்தடிக்கிறார் என்று கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கேட்கலாம்.

4. மத்திய அரசிடம்: வரி, நோட்டு, வர்த்தகப் பேச்சுவார்த்தை, ரிசர்வ் வங்கிச் சட்டம். நம் எம்.பி. பேசவேண்டியது இதைப் பற்றித்தான், டியூ தள்ளுபடி பற்றி அல்ல.

எதைக் கேட்பதென்றாலும் முதலில் கையில் வேண்டியது அந்த லோன் கார்டு. கடன் வாங்கியவருக்குப் புரியும் மொழியில் கொடுக்கவேண்டும் என்பதும் விதி. பிடித்தம் போகக் கைக்கு வந்தது எவ்வளவு, இன்ஷூரன்ஸுக்கு எவ்வளவு கழித்தார்கள், வருட வட்டி என்ன என்று மூன்று வரிகள் அதில் இருக்கும். நம் வீடுகளில் அது ரேஷன் கார்டு, ஆதார் வைத்திருக்கும் அதே மஞ்சள் பையில் நான்காக மடிந்து கிடக்கும்.